அவன் நன்றாக இருந்த சனிக்கிழமை

அத்தியாயம் 9

'ஒரு சாதாரண நாளில் அவர் என்னென்ன செய்வார்? விவரிக்கவும்.'

சிசெல் நல அலுவலகப் படிவத்தின் அந்தக் கேள்வியை ஐந்தாவது முறையாகப் படித்தாள். கீழே எழுதுவதற்குப் பன்னிரண்டு கோடுகள் விட்டிருந்தார்கள். முதல் கோட்டில் 'காலையில்' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்திருந்தாள். அதற்கு மேல் ஓடவில்லை.

சாதாரண நாள் என்றால் எந்த நாள்?

எதிரே அவள் கணவன் ஸ்டைனார் ரொட்டித் துண்டின் மேல் மீன்முட்டைப் பசையைக் குழாயிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை, மணி ஒன்பதரை. அவனாகவே எழுந்து, அவனாகவே குளித்து, அவனாகவே வந்து உட்கார்ந்திருந்தான். இது சாதாரணமா, இல்லையா?

"என்ன எழுதுற?"

"உன்னைப் பத்தித்தான்."

"நல்லதா நாலு வார்த்தை எழுது."

"நல்லதா எழுதினா நமக்குக் கெட்டதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

ஸ்டைனார் சிரித்தான். வாய்க்குள் அடக்கிக்கொள்ளாத, நல்ல சத்தமான சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வாரமாகிவிட்டது! ஆனால் சிசெலுக்கு முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. 'ஐயோ, திங்கட்கிழமை இவன் அங்கே போய் இப்படிச் சிரித்துவிட்டால்?' என்பதுதான். அடுத்த கணமே தன் மேல் அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

போன வாரம் டாக்டர் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்து, காருக்குள் உட்கார்ந்து அவள் அழுதது நினைவிருக்கும். 'இனி எந்த வேலைப் பயிற்சியும் இவருக்குப் பயன் தராது, தீங்கே தரும்' என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். அன்று அழுதது நிம்மதியில் என்றுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இந்த ஒரு வாரத்தில் அதுவும் நிச்சயமில்லாமல் போய்விட்டது.

நகரத்தின் தண்ணீர் இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் ஸ்டைனார். எந்தத் தெருவுக்குக் கீழே எந்தக் குழாய் ஓடுகிறது என்று வரைபடம் பார்க்காமல் சொல்வான். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதக் காலையில், அவனால் வேலைக்குப் போக முடியாமல் போயிற்று. மனச்சோர்வு என்றார்கள், கடுமையானது என்றார்கள். அதன் பிறகு நல அலுவலகம் அவனை மூன்று இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பழைய சாமான் கடை, செடி வளர்க்கும் பண்ணை, நூலகம். மூன்றிலும் அவனைப் புகழ்ந்தார்கள். மூன்றிலும் மூன்றாவது வாரத்தில் அவன் விழுந்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நல அலுவலகத்தில் அதிகாரி ஹில்டேயுடன் கடைசி நேர்காணல். அது நல்லபடியாக முடிந்தால் அறுபத்தேழு வயது வரை இயலாமை பென்ஷன். இனி யாரும் அவனைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். முடியாமல் போனால், எல்லாம் முதலிலிருந்து. நாலாவது பயிற்சி, நாலாவது விழுதல். அதைத் தன்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது என்பது மட்டும் சிசெலுக்குத் தெரியும்.

"இன்னிக்குக் கூட்டுப்பணி நாள் இல்லையா?" ஸ்டைனார் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். கீழே முற்றத்தில் குப்பைக்கான பெரிய இரும்புத் தொட்டியை லாரி இறக்கி வைத்துக்கொண்டிருந்தது.

"பதினொரு மணிக்கு. நான் போறேன். நீ இரு."

"போன வருஷமும் நீதான் போன."

"இந்த வருஷமும் போறேன். ஜன்னல் திரையை இறக்கிவிட்டுக்கோ. திங்கட்கிழமை வரைக்கும் ஒண்ணும் பண்ணாம இரு, அது போதும்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுல நான் கெட்டிக்காரன்" என்றான் ஸ்டைனார். இந்த முறை சிரிக்கவில்லை.

நேற்று மாலை ரயிலில் ஓஸ்லோவிலிருந்து வந்திருந்த மகள் டூவா, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்தாள். இருபத்து நாலு வயது. அப்பாவின் தாடை, அம்மாவின் பிடிவாதம்.

"என்னம்மா இது, அப்பாவை ஒளிச்சு வைக்கிறியா?"

"ஒளிச்செல்லாம் வைக்கல. ஓய்வு எடுக்கட்டும்னேன்."

"மூணு வருஷமா நீ மட்டும் தனியா குப்பை வாரப் போற. அக்கம்பக்கத்துல கேட்டா என்ன சொல்ற?"

"முதுகு வலின்னு."

"பாவம், என் முதுகு" என்றான் ஸ்டைனார். "அது நல்லாத்தான் இருக்கு. அது மேல ஏன் பழி?"

டூவா சிரித்தாள். சிசெல் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

*

நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் முற்றத்தில் இறங்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளையைப் பெருக்க வேண்டும், வேலிக்கு வர்ணம் பூச வேண்டும், மர பெஞ்சுகளுக்கு எண்ணெய் தடவ வேண்டும். வராமல் இருப்பதற்குத் தடை ஒன்றும் கிடையாது. யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் யார் வரவில்லை என்பது அடுத்த ஏப்ரல் வரை எல்லாருக்கும் நினைவிருக்கும்.

குடியிருப்பின் தலைவி பெரித், மஞ்சள் மேலங்கியும் கையில் பட்டியலுமாக நடுவில் நின்றிருந்தாள். எழுபத்தோரு வயது. பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் முப்பது வருஷம் மேலாளராக இருந்த குரல் அது.

"சிசெல்! வேலிப் பக்கம். டூவா, நீயும் வந்திருக்கியா, கண்ணு? ஓஸ்லோவுல பெருக்குமாறு பிடிக்கச் சொல்லித் தர்றாங்களா?"

"அங்க ஆள் வச்சுப் பெருக்குவாங்க பெரித்."

"அதான் பார்த்தேன். கீழ்வீட்டு ஆர்ன்பின்கிட்ட கத்துக்கோ. முப்பது வருஷமா பெருக்குமாறு மேல சாஞ்சு நிக்கிறாரு, ஒரு தடவை கூட விழுந்தது இல்ல."

"ஒருத்தராவது மேற்பார்வை பார்க்கணுமில்ல" என்றார் ஆர்ன்பின், பெருக்குமாறின் மேல் சாய்ந்தபடியே. "சிசெல், உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? முதுகு?"

"அப்படியேதான்."

"முதுகுங்கறது பொல்லாதது" என்று தலையாட்டினார் அவர். அவர் கண் மூன்றாம் மாடியில் இறங்கியிருந்த திரையின் மேல் போய்விட்டுத் திரும்பியது.

பதினொன்றே முக்காலுக்குத்தான் அது நடந்தது. சரளையைக் கழுவிவிடலாம் என்று பெரித் வெளிக் குழாயைத் திறந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. அடித்தளத்திலிருந்து யாரோ அலறும் சத்தம்தான் வந்தது.

குளிரில் உறைந்து எங்கோ வெடித்திருந்த பைப், சைக்கிள் அறையின் சுவரிலிருந்து பீய்ச்சி அடித்தது. எல்லாரும் படியிறங்கி ஓடினார்கள். தண்ணீர் அதற்குள் கணுக்கால் அளவு ஏறி, ஒவ்வொரு வீட்டுக்குமான சாமான் அறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பனிச்சறுக்குக் கட்டைகள், குழந்தைகளின் பழைய தொட்டில்கள், கிறிஸ்துமஸ் சாமான் பெட்டிகள் எல்லாம் அங்கேதான்.

"மூடுற வால்வு எங்க இருக்கு?"

"அது பராமரிப்பு ஆளுக்குத்தான் தெரியும்!"

பராமரிப்பு ஆள் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். இனி வேலைக்குத் திரும்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். போனை எடுக்கவில்லை. பிளம்பர் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். பெரித்தின் குரலே முதல் முறையாகத் தடுமாறியது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

படியில் ஸ்டைனார் நின்றிருந்தான். கம்பளிக் காலுறையும் வீட்டுச் செருப்புமாக. மூன்று வருஷமாக இந்த மனிதர்களில் பாதிப்பேர் அவனைப் பார்த்ததில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கி நடந்தான். சுவரில் உள்ளங்கையை வைத்தான். பிறகு காதை வைத்தான். இரண்டடி தள்ளி மறுபடியும் வைத்தான்.

"பதினேழாம் நம்பர் அறை யாரோடது?"

"என்னோடது" என்றார் ஆர்ன்பின்.

"திறங்க. வால்வு உள்ளே, பின்சுவர்ல இருக்கு."

திறந்தார். தரையிலிருந்து கூரை வரை பழைய செய்தித்தாள் கட்டுகள்.

"இது எல்லாத்தையும் எடுக்கணுமா?"

"வேண்டாம். இன்னும் கால் மணி நேரம் விட்டா அதுங்களே நீந்தி வெளிய வந்துடும்."

கூட்டமே சிரித்தது. பன்னிரண்டு பேர் கைமாற்றிக் கட்டுகளை வெளியே எறிந்தார்கள். ஸ்டைனார் இடுக்கில் உடம்பை நுழைத்து, துருப்பிடித்த வால்வை முக்கி முனகித் திருகினான். தண்ணீர் நின்றது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும்.

சிசெல் கடைசிப் படியில் பெருக்குமாறோடு நின்றிருந்தாள். சிலந்தி வலை ஒட்டிய தலையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து நிற்கிற அந்த ஆளை அவளுக்குத் தெரியும். அவனைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ பொங்கி வந்தது. அது சந்தோஷமா, பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மேல போய் உடம்பைத் துடைச்சுக்கோ" என்று அவன் காதில் சொன்னாள். "போதும்."

"பேன்ட்டை மட்டும் மாத்திட்டு வர்றேன்" என்றான் அவன்.

*

அவன் வந்தான். வந்து ஐந்து மணி வரை இருந்தான்.

வேலியின் பாதிக்கு அவனே வர்ணம் பூசினான். பெஞ்சின் உடைந்த காலைப் பொருத்தினான். பெரித்துக்கு அடித்தளத்துக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் வரைந்து கொடுத்தான். சிசெல் அவனுக்கு இரண்டு கம்பம் தள்ளி நின்று, பூசிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் கடிதத்தில் 'வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இயலாது' என்று இருந்தது. இப்போது எத்தனை மணி நேரம் ஆகிறது? அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"அடேயப்பா, ஸ்டைனார்" என்றார் ஆர்ன்பின். "இப்படி ஒரு முதுகு வலி எனக்கும் வந்தாத் தேவலை போலிருக்கே!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிசெலின் கை நின்றது.

ஸ்டைனார் தூரிகையை டப்பாவின் விளிம்பில் நிதானமாக வழித்தான். "முதுகு இல்ல, ஆர்ன்பின். தலை. நாலு வருஷமா மனசு சரியில்ல."

அவ்வளவுதான். முற்றத்தில் இருந்த பதினைந்து பேரும் தங்கள் கையில் இருந்த வேலையை அப்படிக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆர்ன்பின் தன் வாழ்நாளில் முதல் முறையாக நிஜமாகவே பெருக்கினார்.

"காப்பி யாருக்கு?" என்று பெரித் உரக்கக் கேட்டாள். எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு மடக்கு மேசையில் வாஃபிள் சுட ஆரம்பித்தார்கள். டூவா ஒரு வாஃபிளின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்து, ஒரு கையில் பிடித்தபடி, மறுகையால் போனை நீட்டினாள்.

"பாரும்மா. அம்பத்தாறு லைக்!"

படத்தில் ஸ்டைனார் தூரிகையை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்கில் சிவப்பு வர்ணம். அதன் கீழே டூவா எழுதியிருந்தாள்: 'இன்றைய நாயகன், என் அப்பா!'

சிசெல் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "எடுத்துடு அதை."

"ஏன்?"

"எடுத்துடுன்னா எடுத்துடு, டூவா. திங்கட்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. யார் வேணும்னாலும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே! பொய்யா போட்டிருக்கேன்? அப்பா நல்லா இருக்காரு. நீயே பார்க்கற இல்ல? அம்பத்து மூணு வயசு மனுஷனை, 'இனி ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல'ன்னு முத்திரை குத்தக் கூட்டிட்டுப் போற."

"உனக்குப் புரியாது."

"பாதி வேலை பார்த்துட்டு, பாதி பென்ஷன் வாங்க முடியாதா?"

"முடியும். பாதி நாள் வேலை பார்க்க முடியும்னு அவங்க முடிவு பண்ணிட்டா, பாதிதான் தருவாங்க. அப்புறம் அந்தப் பாதி நாளும் முடியாமப் போனா? மறுபடி மனு, மறுபடி பயிற்சி, மறுபடி ரெண்டு வருஷம்!"

டூவா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அப்பா குணமாயிடக் கூடாதுன்னு நினைக்கிறியா?"

வாஃபிள் கருகும் வாசனை வந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள்.

'இல்லை' என்று உடனே சொல்ல வேண்டிய கேள்வி அது. சிசெல் வாயைத் திறந்தாள். அந்த 'இல்லை' வர ஒரு நொடி தாமதமாயிற்று. அந்த ஒரு நொடியை டூவாவும் கவனித்துவிட்டாள்.

"நான் பார்த்ததை நீ பார்க்கல" என்றாள் சிசெல் கடைசியில்.

"என்ன பார்த்த? சொல்லேன். நான் போன் பண்ணும்போதெல்லாம் 'அப்பா குளிக்கிறாரு'ன்னுதானே சொல்லுவ? உலகத்துலயே சுத்தமான மனுஷன் என் அப்பாவாத்தான் இருக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடிக்கும்போது அவள் முகத்தில் வேடிக்கை இல்லை. அம்மாவையே பார்த்தாள். சிசெல் ஒரு காகிதத் தட்டை எடுத்து, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத அதைத் துடைத்தாள்.

*

ஐந்து மணிக்கு வீட்டுக்குள் வந்ததும் ஸ்டைனார் வாசலிலேயே சொன்னான்.

"பெரித் எனக்கு வேலை தர்றேன்னாங்க."

"என்ன வேலை?"

"பராமரிப்பு வேலை. பாதி நேரம். இங்கயே, வீட்டுக்குக் கீழயே. அந்த ஆள் திரும்பி வரப்போறதில்லையாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

சிசெல் காலணியின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டைனாரும் அவள் எதிரில், செருப்பு அடுக்கும் பலகையில் சாய்ந்து உட்கார்ந்தான். இருவர் மேலும் வர்ண வாசனை.

"திங்கட்கிழமை?"

"போவேன். அந்த ஹில்டேகிட்ட சொல்லுவேன். சனிக்கிழமை இத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன்னு. மறைச்சா பொய்தானே அது?"

"பண்ணையிலயும் முதல் வாரம் இப்படித்தான் இருந்த."

"தெரியும்."

"நூலகத்துல அந்தப் பொண்ணு எனக்கே போன் பண்ணி, 'இவரை மாதிரி ஆள் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்'னு சொன்னா. அதுக்கு ஒன்பதாம் நாள்..."

"தெரியும், சிசெல்." அவன் தன் உள்ளங்கையில் காய்ந்திருந்த வர்ணத்தை நகத்தால் சுரண்டினான். "ஒவ்வொரு தடவையும் நடிச்சேன்னு நினைக்கிறியா? ஒவ்வொரு தடவையும் எனக்கு நிஜமாத்தான் இருந்துச்சு. 'சரியாயிட்டேன், அவ்வளவுதான், முடிஞ்சது'ன்னு."

"இப்ப?"

"இப்பவும் நிஜமாத்தான் இருக்கு. அதுதான் எனக்குப் புரியல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷத்தில் எத்தனையோ முறை அந்தக் கையைப் பிடித்திருக்கிறாள். இன்று அது சூடாக இருந்தது.

"வேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்டான்.

சொல்லிவிடு என்று அவள் நினைத்தாள். சொல்லிவிடாதே என்றும் நினைத்தாள். இரண்டையும் முழு மனசோடு நினைத்தாள்.

"நாளைக்குப் பேசலாம்" என்றாள்.

"சரி. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்."

*

ஏழரை மணிக்கு வாசல் மணி அடித்தது. அந்த ஊர் வசந்தத்தில் இந்நேரத்துக்கும் ஜன்னல் முழுக்க வெயில். பெரித் நின்றிருந்தாள். மஞ்சள் மேலங்கியைக் கழற்றிவிட்டிருந்தாள். அது இல்லாமல் அவள் சின்னவளாகத் தெரிந்தாள்.

"உள்ள வரல. ஒரு நிமிஷம்தான். நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்குக் குடியிருப்புக் குழு கூடுது. ஒரு பராமரிப்புக் கம்பெனி ஒப்பந்தத்தைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துட்டிருக்கு. ஸ்டைனார்தான்னா அவங்களை வேண்டாம்னு சொல்லிடுவேன். சொல்லிட்டா அப்புறம் ஆறு மாசத்துக்கு வேற ஆள் கிடைக்காது."

"அவரு சரின்னுட்டாராமே."

"சொன்னாரு. அப்புறம் போறப்ப திரும்பி வந்தாரு." பெரித் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் சொன்னாரு. திங்கட்கிழமை விஷயத்தையும். 'நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியல, சிசெலுக்குத்தான் தெரியும். அவளைக் கேட்டுக்கோங்க. அவ சொன்னா சரி'ன்னாரு. அதான் வந்தேன்."

சிசெல் படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா. உன் வார்த்தை எனக்குப் போதும். முடியுமா அவரால?"

பின்னால் டூவா வந்து நின்றதை அவள் உணர்ந்தாள்.

"அவரையே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

ஸ்டைனார் குப்புறப் படுத்திருந்தான். போர்வைக்கு மேலேயே, வர்ணம் பட்ட சட்டையோடு. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஒரு காலுறை கழற்றியிருந்தது, இன்னொன்று அப்படியே இருந்தது. இரண்டாவதைக் கழற்றுவதற்குள் தூங்கிப் போனானா? அல்லது இரண்டாவதைக் கழற்ற முடியாமல் போயிற்றா?

"ஸ்டைனார்."

மூச்சு சீராக வந்தது. அசைவில்லை.

"ஸ்டைனார், பெரித் வந்திருக்காங்க."

அவள் கதவைச் சாத்தாமல் திரும்பி வாசலுக்கு வந்தாள்.

"காலையில அவர் எழுந்திரிச்சா சொல்றேன்" என்றாள்.

பெரித்துக்குப் புரியவில்லை. "எழுந்திரிச்சான்னா? தூங்கினவங்க எழுந்திரிக்காம என்ன?"

மூன்று வருஷமாகச் சொன்ன முதுகு வலி நாக்கு நுனிக்கு வந்தது. சிசெல் அதை விழுங்கினாள்.

"பண்ணையில வேலை பார்த்தப்ப, ஒரு நாள் சாயங்காலம் இப்படித்தான் வந்து படுத்தாரு. பதினோரு நாள் எழுந்திரிக்கல. தண்ணி குடிப்பாரு, கண்ணைத் திறப்பாரு. அவ்வளவுதான். நூலகத்துக்கு அப்புறம் பத்தொன்பது நாள். நான் வேலைக்குப் போயிட்டு மத்தியானம் ஓடி வந்து, மூச்சு இருக்கான்னு பார்த்துட்டுத் திரும்பிப் போவேன். யார்கிட்டயும் சொன்னது இல்ல."

டூவாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சாக வரவில்லை.

"இன்னிக்கு அஞ்சு மணி நேரம் உழைச்சிருக்காரு. உழைச்ச மனுஷன் இப்படித்தான் அசந்து தூங்குவான். எனக்கும் அது தெரியும். ஆனா பார்த்தா வித்தியாசம் தெரியாது, பெரித். நானும் நாலு வருஷமா பார்க்கறேன், தெரியல. அவரால முடியுமான்னு கேட்டீங்க. எனக்கும் தெரியாது. அவர் எனக்குத் தெரியும்னு நம்பிட்டிருக்காரு."

ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள், இப்போது சிசெலின் தோளை ஒரு முறை அழுத்தினாள்.

"ரெண்டு மணி வரைக்கும் இருக்கு" என்றாள். "ஒண்ணே முக்காலுக்குச் சொன்னாலும் போதும்." படியிறங்கிப் போனாள்.

சிசெல் திரும்பியபோது டூவா அங்கே இல்லை. படுக்கையறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தொங்கிக்கொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்துக்கு மிக அருகில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "அப்பா, நான்தான்."

அவன் விரல்கள் அவள் விரல்களைச் சுற்றி லேசாக மூடின. தூக்கத்தில் யாருடைய விரலும் அப்படி மூடும்.

டூவா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் மதியம் இருந்த கோபம் இல்லை. ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது பார்த்த மாதிரி அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, இது எந்தத் தூக்கம்?"

சிசெல் கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாலைகளில் அவள் தனியாக உட்கார்ந்திருந்த இடம் அது.

"காலையில தெரியும்" என்றாள். "நீயும் இரு."